காலியாக விட்ட தடம்

ஹார்ஸ்டட், மினசோட்டா
8 செப்டம்பர் 2014

லோரைன்,

போன் செய்யாதே, அவசியமென்றால் எழுது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. இது அவசியம் என்று நினைக்கிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

பல்கலைக்கழகம் புது நீச்சல்குளம் கட்டுகிறது. ஹாக்கி அரங்கத்துக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தில் சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று. பழைய உடற்பயிற்சிக் கூடத்தைக் குளத்தோடு சேர்த்து ஜனவரியில் இடிக்கப் போகிறார்கள். அந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இடிக்க வேண்டியதுதான். கூரை இரும்பெல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. ஜன்னல் ஓரத்தில் குளிர்காலத்தில் நின்றால் தலைமுடி விறைத்துப்போகும்.

விளையாட்டுத் துறை இயக்குநர் ட்ராவிஸ் என்னை அழைத்துப் பேசினார். நம் கர்ட் இறந்த இரண்டாம் தடத்தில் யாரும் நீந்துவதில்லை என்ற வழக்கம் பதினைந்து வருடமாக இங்கே இருப்பது உனக்குத் தெரியும். பயிற்சியிலும் சரி, போட்டியிலும் சரி, அது காலியாகத்தான் இருக்கும். சொந்தக் குளத்தில் நடக்கும் ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேரை இறக்கிப் புள்ளிகளை இழக்கிறது நம் அணி. ஒரு பிள்ளைகூட முணுமுணுத்ததில்லை.

புதுக் குளத்திலும் இதைத் தொடர விரும்புகிறார்கள். இரண்டாம் தடத்தின் தரை முழுக்க வேறு நீலத்தில் ஓடு பதித்து, சுவரில் அவன் பெயரைப் பொறித்து, அந்தத் தடத்தை நிரந்தரமாகக் காலியாக விடுவது திட்டம். பெற்றோர் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

"வெண்டெல், இது உங்க பையனோட லேன். உங்க ரெண்டு பேரையும் கேக்காம ஒரு ஓடுகூடப் பதிக்க மாட்டோம்" என்றார் ட்ராவிஸ்.

நான் சரி என்றேன். உன் வார்த்தை வேண்டும்.

வெண்டெல்


டூசான், அரிசோனா
19 செப்டம்பர் 2014

வெண்டெல்,

வேண்டாம்.

இவ்வளவுதான் எழுதி உறையில் போட்டேன். பிறகு என் தங்கை பார்த்துவிட்டு, "ஆறு வருஷம் கழிச்சு எழுதியிருக்கிற மனுஷனுக்கு ஒரே வார்த்தையா? ஒரு வணக்கமாவது போடு" என்றாள். ஆகவே, வணக்கம். வேண்டாம்.

காரணம் கேட்பாய். அந்தத் தடம் நம் பையனுக்கு எதுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. உனக்கு என்ன செய்தது என்பது தெரியும். காகித ஆலை வேலையை விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தில் போய்ச் சேர்ந்தாய். சாப்பாட்டுப் பெட்டியை அங்கே எடுத்துக்கொண்டு போய், அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி சாப்பிட்டாய். வீட்டில் எனக்கு எதிரே இருந்தது ஒரு காலி நாற்காலியல்ல, இரண்டு. ஏழு வருடம் பொறுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்போது அதை ஓடு போட்டு நிரந்தரமாக்க வேண்டும் என்கிறாய். நீயும் நானும் போன பிறகும், பெயர் தெரியாத பிள்ளைகள் அந்த இடத்தைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்கிறாய்.

இங்கே இன்னும் வெயில் குறையவில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது?

லோரைன்


ஹார்ஸ்டட்
2 அக்டோபர் 2014

லோரைன்,

முட்டி அப்படியேதான் இருக்கிறது.

யாரும் நடுங்குவதில்லை. நீ பார்த்தால் தெரியும். முதலாண்டுப் பிள்ளைகள் வந்து சேரும் நாளில் மூத்தவர்கள் அவர்களைக் குளக்கரைக்கு அழைத்துப் போய் இரண்டாம் தடத்தைக் காட்டுகிறார்கள். ஒரு சொல்லும் பேசுவதில்லை. அங்கே குதிக்கும் மேடையின் மீது கையை வைத்துவிட்டு நகர்கிறார்கள். போன வருடம் ஒரு பையன், கடைசி வருட மாணவன், சொந்தக் குளத்தில் கடைசிப் பந்தயம். தடம் போதாமல் அவனுக்கு இடமில்லை. அவன் அப்பா அயோவாவிலிருந்து ராத்திரி முழுக்க வண்டியோட்டி வந்திருந்தார். பயிற்சியாளர் பெத், இந்த ஒருமுறை இரண்டாம் தடத்தில் இறங்கு என்றாள். அவன் மாட்டேன் என்றான். "அது கர்ட்டோட இடம் கோச்" என்றான். கர்ட் இறந்தபோது அவன் சின்னக் குழந்தை.

இதை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியுமா?

மாத முடிவுக்குள் ஓடு வாங்க உத்தரவு போட வேண்டுமாம். நீ போனாய், அது உன் விருப்பம். நான் இருந்தேன். இருந்தவனுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமையாவது உண்டு. எதற்காக வேண்டாம்?

வெண்டெல்


டூசான்
13 அக்டோபர் 2014

வெண்டெல்,

நீ இருந்தாய். நல்லது. அவன் உயிரோடு நீந்திய இரண்டரை வருடமும் நீ எங்கே இருந்தாய்? ஆலையில். சனிக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்றாய். போட்டி எல்லாம் சனிக்கிழமை. ஒன்றுக்குக்கூட நீ வரவில்லை. குறை சொல்லவில்லை, அந்தப் பணத்தில்தான் அவன் படித்தான். ஆனால் நீ வராததால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கு அது தெரியும்.

நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜன்னல் பக்கத்துப் படிக்கட்டு இருக்கையில், கீழ் வரிசையில் உட்காருவேன். கர்ட் என் முன்னால் நீந்துவான். அவன் முதுகில் சொட்டும் தண்ணீர் தெரியும், அவ்வளவு பக்கம். ஜன்னலிலிருந்து இரண்டாவது தடம். பயிற்சியிலும் அவன் தடம் அதுதான். அவன் இறந்ததும் அங்கேதான்.

தடங்களுக்கு எண் எப்படிப் போடுவார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குதிக்கும் மேடைக்குப் பின்னால் நின்று, வலது கைப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். கர்ட் காலத்தில் மேடைகள் ஆழம் குறைந்த முனையில் இருந்தன. அங்கே நின்றால் ஜன்னல் வலது கைப்பக்கம். அவன் இறந்த மறுவருடக் கோடையில், ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகக் குதிப்பது ஆபத்து என்று புது விதி வந்து, மேடைகளைப் பிடுங்கி எதிர்முனையில் நட்டார்கள். அங்கே நின்றால் ஜன்னல் இடது கைப்பக்கம். எண்கள் மேடையோடு போயின. தண்ணீர் போகவில்லை.

நீ அங்கே வேலைக்குச் சேர்ந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. பயிற்சியாளரும் அதே வருடம் வந்த புது ஆள். கர்ட் பெயரில் முதல் போட்டி வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வந்தேன். எல்லோரும் எழுந்து, ஜன்னலுக்கு எதிர்ப்புறம், உள்சுவர் ஓரமாக இருந்த ஒரு தடத்தைப் பார்த்துத் தலை குனிந்தார்கள். அதில் என் மகன் ஒருநாளும் நீந்தியதில்லை.

சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நீ அழ ஆரம்பித்தாய். ஆஸ்பத்திரியில் அழவில்லை, கல்லறையில் அழவில்லை. அங்கே அழுதாய். எப்படிச் சொல்வது?

இப்போது அந்தத் தப்பான இடத்தை ஓடு போட்டு மூடப் போகிறார்கள். அதனால் வேண்டாம்.

லோரைன்


ஹார்ஸ்டட்
27 அக்டோபர் 2014

லோரைன்,

உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் இருந்தேன். மறுநாள் பயிற்சிக்கு முன்னால் ஆழம் குறைந்த முனைக்குப் போய், கரையில் விரித்திருக்கும் ரப்பர் பாயைச் சுருட்டிப் பார்த்தேன். பழைய மேடைகளின் போல்ட் துளைகள் சிமெண்ட் அடைத்து இருக்கின்றன. அந்தத் துளைகளுக்குப் பின்னால் நின்று வலது கைப்பக்கத்திலிருந்து எண்ணினேன். இரண்டாவது, ஜன்னலிலிருந்து இரண்டாவதுதான். இன்றைய கணக்கில் ஐந்தாம் தடம்.

நீ சொன்னது சரி. ட்ராவிஸிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்கு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரே தடத்தில் நாலைந்து பேர் வரிசையாக நீந்தும்போது, பின்னால் வருபவன் முன்னால் போகிறவனை எட்டிவிட்டால் அவன் பாதத்தை விரலால் ஒருமுறை தட்டுவான். 'எனக்கு வழி விடு' என்று அர்த்தம். தட்டுப்பட்டவன் சுவரை அடைந்ததும் மூலையில் ஒதுங்கி நிற்க வேண்டும். பின்னவன் சுவரைத் தொட்டுத் திரும்பிப் போவான். எல்லாக் குளத்திலும் இதுதான் மரியாதை.

ஐந்தாம் தடம் ஜன்னல் குளிரால் யாருக்கும் பிடிக்காது. அதனால் அதை முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுவார்கள். நான் சேர்ந்த காலத்திலிருந்து, வருடத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து ஒரே விஷயத்தைச் சொல்வார்கள். வரிசையில் கடைசியாக நீந்தும்போது, பின்னால் யாருமே இல்லாதபோது, பாதத்தில் தட்டுகிறது என்று. எப்போதும் ஆழம் குறைந்த முனையை நோக்கிப் போகும்போதுதான். திரும்பி வரும்போது இல்லை.

சுத்திகரித்த தண்ணீர் உள்ளே வரும் குழாய் வாயின் அழுத்தம் என்று சொல்லி அனுப்புவேன். ஒரு வருடம் அந்தப் பக்கத்து வாய்களையே மூடிவிட்டேன். அந்த வருடமும் ஒரு பெண் வந்து சொன்னாள்.

அப்போதெல்லாம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதையே இரண்டாம் தடத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன் என்று நினைத்தேன். அங்கே உட்கார்ந்து அதற்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஐந்தில் என்றதால் சிரித்துவிட்டேன். இவ்வளவு வருடமும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், லோரைன்.

இந்த வருடம் கென்சி என்றொரு பெண். டுலூத்தில் சரக்குக் கப்பல் ஆட்களின் வீட்டுப் பெண், எதற்கும் பயப்படாதவள். போன வாரம் பம்ப் அறைக் கதவில் வந்து சாய்ந்து நின்றாள்.

"ஹாகன் சார், உங்க குழாய்க்கு விரல் இருக்கா?"

"என்னம்மா?"

"தட்டுது சார். தள்ளல, தட்டுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? எனக்கு மூணு அண்ணனுங்க."

குழாய் என்று சொல்ல இந்த முறை வாய் வரவில்லை.

வெண்டெல்


டூசான்
5 நவம்பர் 2014

வெண்டெல்,

உன் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு நடக்கப் போனேன். வந்து மீதியைப் படித்தேன். இதுபோல எனக்கு எழுதாதே என்று பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ரஸ் டீட்ஸை நினைவிருக்கிறதா? கர்ட்டோடு நீந்தியவன், அகலத் தோள், திக்கிப் பேசுவான். கர்ட் இறந்து ஏழெட்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். நீ ஆலையில் இருந்தாய். சமையலறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். குடிக்கவில்லை. கர்ட் இறந்த அன்று, குளத்தின் கடைசி நீளத்தை நீந்திக்கொண்டிருந்தார்களாம், ஆழம் குறைந்த முனையை நோக்கி. ரஸ் முன்னால், கர்ட் அவனுக்குப் பின்னால், வரிசையின் கடைசி. பாதத்தில் தட்டியது என்றான்.

"ஒரு தடவை இல்ல, மிசஸ் ஹாகன். மூணு நாலு தடவ. கடைசி லென்த்ல யாராவது வழி கேப்பாங்களா? என்னைத் தோக்கடிக்கப் பாக்குறான்னு நெனச்சேன். வேகத்தக் கூட்டினேன். சுவத்தத் தொட்டுட்டு, ஜெயிச்சிட்டேன்டான்னு திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். பாத்ரூம் போயிட்டான்னு நெனச்சேன்."

அவன் தட்டியது வழி கேட்பதற்காக இல்லை, வெண்டெல். நெஞ்சு நின்றுபோகிற பையன் எட்டியதைப் பிடிக்கப் பார்த்திருக்கிறான். அல்லது சுவருக்குப் போகப் பார்த்திருக்கிறான். டாக்டர், யார் என்ன செய்திருந்தாலும் அந்த இதயம் பிழைத்திருக்காது என்றார். அதை ரஸ்ஸிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சொல்லியிருந்தால் நீ அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாய். அதனால் சொல்லவில்லை. இப்போதும் போய் நிற்காதே. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

தட்டியதை உனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் யாரும் சொன்னதில்லை. அப்படியிருந்தும் அதையே நீ எழுதுகிறாய்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். தட்டும்போது அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

லோரைன்


ஹார்ஸ்டட்
14 நவம்பர் 2014

லோரைன்,

ரஸ் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியில் ஏறி, அவன் தெரு முனை வரை போனேன். திரும்பிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: வேகத்தைக் கூட்டுவார்கள். தட்டினால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். பிறகு திரும்பிப் பார்த்து, யாருமில்லை என்று தெரிந்ததும் பயந்து இன்னும் வேகமாகப் போவார்கள். பயிற்சியாளர்களும் "பின்னால யாரும் இல்ல, நிக்காதே, போ போ" என்றுதான் சொல்வார்கள். நானும் பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட நின்று வழி விட்டதில்லை.

ஓடு வேண்டாம் என்று ட்ராவிஸிடம் சொல்லிவிட்டேன். "அப்ப போர்டுக்கு நான் என்ன சொல்றது?" என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை என்று சொல்லச் சொன்னேன்.

வெண்டெல்


டூசான்
20 நவம்பர் 2014

வெண்டெல்,

அப்படியானால் அந்தப் பெண்ணை நிற்கச் சொல்.

அவளிடம் கர்ட்டைப் பற்றி எதுவும் சொல்லாதே. பயமுறுத்தாதே. தட்டினால் சுவரில் ஒதுங்கி வழி விட வேண்டும், அதுதானே உங்கள் மரியாதை, அதை மட்டும் சொல். நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதே. இடிப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது யாராவது அவனுக்கு வழி விடட்டும்.

லோரைன்


ஹார்ஸ்டட்
9 டிசம்பர் 2014

லோரைன்,

சொன்னேன். கென்சி நீச்சல் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினாள்.

"யாருக்கு வழி விடணும் சார்?"

"யாரா இருந்தா என்ன? தட்டினா வழி விடறதுதானே முறை."

"சரி" என்று போய்விட்டாள். பத்து நாளைக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நான் இப்போது ஜன்னல் பக்கத்து இருக்கையில், கீழ் வரிசையில் உட்காருகிறேன்.

நேற்று மாலைப் பயிற்சி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் தடத்தில் மூன்று பேர், கென்சி கடைசி. ஆழம் குறைந்த முனையை நோக்கி வந்துகொண்டிருந்தவள், பாதிக்கு மேல் வந்ததும் ஒரு கை வீச்சில் தடுமாறினாள். சுவரைத் தொட்டாள். திரும்பவில்லை. மூலைக்கு ஒதுங்கி, தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி நின்றாள்.

பெத் எதிர்முனையிலிருந்தே கத்தினாள். "கென்சி, என்னடி சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிற? பஸ் வரணுமா?"

"பின்னாடி ஆள் வருது கோச்."

அணி முழுக்கச் சிரித்தது. யாரோ, "பஸ் ஃபுல்லு, நடந்து வா" என்றார்கள். கென்சி சிரிக்கவில்லை. கையைத் தூக்கி, கொஞ்சம் இரு என்பதுபோல் பெத்துக்குக் காட்டினாள். சிரிப்பு ஒவ்வொரு தடமாக அடங்கியது.

நான் பார்த்ததை எழுதுகிறேன். அவளுக்கு அடுத்து, சுவரின் நடுவில், யாரோ வந்து தொட்டால் எழுமே, அதுபோல் தண்ணீர் எழுந்து விளிம்பைத் தாண்டிக் கரையில் கொட்டியது. நாலாம் தடத்தில் அதே நேரம் ஒரு பையன் சுவரில் திரும்பினான். அவன் கிளப்பிய அலையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

பிறகு அவள் கரைக்கு வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உதடு நீலமாக இருந்தது.

"போயிட்டாங்க சார்" என்றாள். தலையைத் துவட்டியபடி, "யாருன்னு கேக்க மாட்டேன்" என்றாள்.

இந்தக் குளத்தில் கடைசிப் போட்டி சனிக்கிழமை. வழக்கத்தை முடித்துக்கொள்ளலாம் என்று பெத்திடம் சொல்லியிருக்கிறேன். மேடைகள் மாறிய கதையையும் சொன்னேன். அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆறு தடத்திலும் ஆள் இறங்குவார்கள்.

ஜனவரி 6ஆம் தேதி தண்ணீரை இறக்குகிறோம். வால்வைத் திறப்பது நான்தான். நீ வருவாயா என்று கேட்கிறேன். வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

வெண்டெல்


டூசான்
20 டிசம்பர் 2014

வெண்டெல்,

ஜனவரி 5ஆம் தேதி வருகிறேன். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அறை எடுத்திருக்கிறேன், வீட்டுக்குக் கூப்பிடாதே. என்னிடம் பனிக்கால பூட்ஸ் இல்லை. உன் அக்காவிடம் ஒரு ஜோடி கேட்டு வை.

கடைசிப் போட்டியில் ஜெயித்தீர்களா?

லோரைன்


ஹார்ஸ்டட்
27 டிசம்பர் 2014

தோற்றோம். முழு அணியையும் இறக்கித் தோற்றோம்.

பூட்ஸ் கிடைத்தது. விமான நிலையத்தில் இருப்பேன்.

வெண்டெல்


டூசான்
15 ஜனவரி 2015

வெண்டெல்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பூட்ஸைத் தவறுதலாகப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்துவிட்டேன். உன் அக்காவிடம் சொல்லிவிடு, பார்சலில் அனுப்புகிறேன்.

நீ வால்வைத் திறக்கக் கீழே பம்ப் அறைக்குப் போனபோது நான் என் பழைய இருக்கையில் உட்காரவில்லை. பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டு, ஆழம் குறைந்த முனையில், அந்த சிமெண்ட் அடைத்த துளைகளுக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்தேன். ஐந்தாம் தடம். காலை உள்ளே விட்டேன். தண்ணீரைச் சூடாக்குவதை நீ ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தாய் போல. முதலில் வலித்தது, பிறகு கால் இருப்பதே தெரியவில்லை.

நீ வால்வைத் திறந்தது எனக்குத் தெரிந்தது. சத்தம் ஒன்றுமில்லை. மிதவைக் கயிறு மட்டும் லேசாகத் தொய்ந்தது. கணுக்காலுக்கு மேல் இருந்த நீர்க்கோடு மெல்லக் கீழே போனது. அந்த முனை எவ்வளவு சீக்கிரம் வற்றும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. குதிகாலுக்கு இறங்கியது. பிறகு விரல்களுக்கு. எட்ட எட்ட நான் காலை நீட்டினேன். கரையின் விளிம்புக்கே வந்து, கைகளை ஊன்றிக்கொண்டு, விழுந்துவிடுவேன் போல நீட்டினேன். கட்டைவிரல் நுனி மட்டும் தண்ணீரில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

நீ மேலே வந்து என் வெறுங்காலைப் பார்த்தாய். "ஏதாவது தட்டிச்சா?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

உன் முகத்தைப் பார்த்தேன். நான் உனக்காகப் பொய் சொன்னதாக நினைத்தாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பொய்யில்லை, வெண்டெல். ஒன்றும் இல்லை. வழி விட்டதும் போய்விட்டான்.

அது தெரிந்துதான் காலை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

லோரைன்